வலது பக்கத்து மூச்சு

நான் யோகாசனம் கற்கப் போனது உடம்புக்காக இல்லை, ரோஷத்துக்காக. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், கார்த்திகை முடியப் போகிற சமயம். செஞ்சியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். எனக்கு முப்பது வயது. பிரசவத்தில் ஏறின உடம்பு, பெண்ணுக்கு மூன்று வயதாகியும் இறங்கவில்லை. ஒருநாள் கை தவறி விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கணக்கு வாத்தியார் வராந்தாவில் போனார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனால் வாய் நீளம்.

"இன்னா டீச்சர், ஒரு சாக்பீஸுக்கே இந்தப் பாடா? உங்கள ராஜகிரிக் கோட்டை ஏறச் சொன்னா பாதியிலயே மாலை போட வேண்டியதுதான்" என்றார். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த வாரம்தான் ஊரில் நோட்டீஸ் கொடுத்தார்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாக் கிடக்கும். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு மாதம் யோகாசன வகுப்பு. ஆண், பெண் யாரும் சேரலாம். நோட்டீஸை ஆசிரியர் அறைக்குக் கொண்டு போய், கணக்கு வாத்தியார் பார்க்கிற மாதிரி மேஜையில் விரித்து, அதன்மேலேயே என் டிபன் டப்பாவை வைத்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் போய்ப் பெயர் கொடுத்தேன்.

மொத்தம் எட்டுப் பேர் சேர்ந்திருந்தோம். நானும் ஒரு நர்ஸம்மாவும்தான் பெண்கள். மாஸ்டர் வெளியூர்க்காரர். நாற்பது வயது இருக்கும், உடம்பில் தோலும் நரம்பும்தான். முதல் நாளே சொல்லிவிட்டார். "என் வகுப்பு மெதுவா இருக்காது. பன்னிரண்டு நிலை, பன்னிரண்டு சுற்று, நடுவில் நிற்கிறதே கிடையாது. வேற ஊர்ல தயார் பண்ணாம வந்தவங்க வாந்தி எடுத்தாங்க, ஒருத்தர் மயங்கி விழுந்தார். அதனால இன்னிக்கு வகுப்பு இல்லை. பத்து நாள் வீட்ல தயார் பண்ணிட்டு வாங்க."

தயார் பண்ணுவது என்றால் சும்மா இல்லை. முதல் நாள் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவ வேண்டும். விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தலையணை கூடாது. இரவு முழுவதும் இடது பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தூக்கத்தில் புரளாமல் இருக்க, முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி அணை கொடுக்க வேண்டும். விடிகாலை கண் விழித்ததும், எழுந்திருப்பதற்கு முன்பே, மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். கண்ணாடியை மூக்குக்கு அடியில் பிடித்தால் எந்தப் பக்கம் ஆவி படிகிறதோ அந்தப் பக்கம். "விழிச்ச உடனே ஒரு தடவை மட்டும் பாருங்க. மற்ற நேரத்தில் பார்த்துக் குழப்பிக்க வேண்டாம்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காந்தி பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார், வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவார். அதிகம் பேச மாட்டார். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும். பேர் குடுத்துட்டு வந்துட்ட, ஏறு" என்றார். அவ்வளவுதான்.

புடவை கட்டிக்கொண்டு குட்டிக்கரணம் போட முடியாது. தையல்கார பாய் கடைக்குப் போய், இடுப்பு அளவை நூலில் முடிந்து கொடுத்து, ஒரு பைஜாமா தைக்கச் சொன்னேன். பாய் நூலை நீட்டிப் பார்த்தார். "சாருக்கா? சார் இவ்ளோ பெருத்துட்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் ஒரு மாதம் வரைக்கும் பாய் என் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் இடுப்பைத்தான் பார்த்தாராம்.

எனக்கு ஒரு குணம் உண்டு. பிடிவாதத்தில் எடுத்த காரியத்தை எழுத்து பிசகாமல் செய்வேன். மாஸ்டர் துண்டு என்றார், நான் பழைய புடவை இரண்டைச் சேர்த்துச் சுருட்டி முதுகுக்கு அணை கொடுத்தேன். சுவரைப் பார்த்தபடி இடது பக்கம் படுத்தால் விடியும் வரைக்கும் அசையவே முடியாது.

மார்கழி பிறந்து, முதல் நாள் விடிகாலை. கோயில் மைக் இன்னும் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிற இடத்தில் ஒரே பனி, ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரர் முகம் மழிக்கிற சின்னக் கண்ணாடியைத் தலைமாட்டில் வைத்திருந்தேன். படுத்தபடியே சிமினி விளக்கைத் தூண்டி, கண்ணாடியை மூக்குக்கு அடியில் பிடித்தபோதுதான் அம்மா ஞாபகம் வந்தது.

என் அம்மா செத்ததும் ஒரு மார்கழியில்தான். சிங்கவரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில். அம்மாவுக்கு அப்போது முப்பது வயது என்பார்கள். எனக்குப் பன்னிரண்டு, தங்கைக்கு நான்கு. பக்கத்து வீட்டு அம்மாள் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து அம்மாவின் மூக்குக்கு அடியில் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார். அதற்கப்புறம்தான் எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். சீ, யோகா கிளாஸுக்கு இதெல்லாம் என்ன நினைப்பு என்று என்னையே திட்டிக்கொண்டு பார்த்தேன். ஆவி ஒரு பக்கம்தான் படிந்திருந்தது. நோட்டில் 'வலது' என்று எழுதினேன்.

இரண்டாம் நாளும் வலது. மூன்றாம் நாளும் வலது. நான்காம் நாள் கண்ணாடியைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இடது பக்கம் துளி ஆவி இல்லை.

ஐந்தாம் நாள் ஆசிரியர் அறையில் என் பையிலிருந்து அந்த நோட்டு விழுந்தது. கணக்கு வாத்தியார் எடுத்துப் பிரித்தார். 'வலது, வலது, வலது, வலது, வலது' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தேன். "இன்னா டீச்சர், யாருக்காவது ஓட்டு எண்ணுறீங்களா?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"தினமும் வலதா? ஒரு நாள்கூட மாறலையா?" என்றார்.

"இல்ல. ஏன்?"

"ஒண்ணுமில்ல டீச்சர். எங்க தாத்தா நாட்டு வைத்தியரு. மூச்சு பக்கம் மாறிக்கினே இருக்கணும்பாரு. சூரிய கலை, அதான் வலது மூச்சு, அதுவே பத்து நாள் விடாம ஓடினா அந்த ஆளுக்கு மருந்தே குடுக்க மாட்டாரு. அவுங்க கொண்டாந்த வெத்தல பாக்கையும் வாங்காம திருப்பி அனுப்பிடுவாரு." நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். "அதெல்லாம் அந்தக் காலம். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் வழக்கம்போல ஒரு கிண்டல் செய்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். செய்யவில்லை. அன்று மத்தியானம் என் வகுப்புப் பரீட்சைத் தாள்களை அவரே திருத்திக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் எனக்கு ஒரு உதவியும் செய்ததில்லை. அந்த உதவிதான் என்னை நடுங்க வைத்தது.

பகலில் ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாஸ்டர் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார் என்பது ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். பகலிலும் வலதாகவே இருந்துவிட்டால்?

ஆறாம் நாள் மைக் போடுவதற்கு முன்பே விழித்துவிட்டேன். வலது. எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியை வீட்டுக்காரர் மூக்குக்கு அடியில் கொண்டுபோனேன். மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. பிறகு பெண்ணிடம் கொண்டுபோனேன். இரண்டு சின்னப் புள்ளிகள், இரண்டு பக்கமும். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். குழந்தை கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா பாக்குற?"

"ஒண்ணுமில்ல, தூங்கு."

அடுத்த நாள் லீவு போட்டேன். மத்தியானம் கண்ணை அசத்தியது, படுத்தேன். இடது பக்கம் படுப்பது பழகிவிட்டிருந்தது. மூக்குக்குக் கீழே ஏதோ சில்லென்று பட்டதும் விழித்தேன். என் பெண் முட்டி போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்தாள். நான் செய்தது போலவே தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தாள். பிறகு சின்ன விரலால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள்.

"உனுக்கு இங்க மட்டும்தாம்மா வருது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, உடம்பு இளைக்கப் போனவளுக்கு உயிரே போகப் போகிறது என்று முடிவு செய்துவிட்டேன். செத்துப்போவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. நான் பன்னிரண்டு வயதில் பட்டதை இந்தக் குழந்தை மூன்று வயதில் படப் போகிறது. வீட்டுக்காரருக்கு வயது முப்பத்தைந்து. சும்மா இருக்க விடுவார்களா? ஒரு வருஷத்துக்குள் யாராவது ஒருத்தியைக் கொண்டுவந்து விடுவார்கள். அவள் என் பெண்ணை எப்படிப் பார்ப்பாள்? குழந்தையை வீட்டுக்காரரிடம் கடையில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் சிங்கவரம் போனேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவர் கொல்லையில் வேலைக்குப் போயிருந்தார். தங்கை மட்டும் வீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நான் அம்மா இல்லாமல் வளர்த்த பெண் அவள், தலை பின்னி, பேன் பார்த்து, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து. "வா, கோயிலுக்குப் போலாம்" என்று இழுத்துக்கொண்டு மலைப்படி ஏறினேன். படி ஏற ஏற மூச்சு முட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான்கு இடத்தில் நின்றேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

பாறையைக் குடைந்த கருவறையில் பெருமாள் நீட்டிப் படுத்திருக்கிறார். சண்டைக்குக் கிளம்பின ராஜா வந்து உத்தரவு கேட்டபோது, போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ராஜா கேட்காமல் போனார், திரும்பி வரவில்லை. சிறு வயதிலிருந்து கேட்டுச் சலித்த கதை. அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஐயர் தீபம் காட்டியபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே பாறையில் உட்கார்ந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பைத்தியமாக்கா உனக்கு? மூச்சுல இன்னா இருக்குது?" என்றாள். ஆனால் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் படியில் நின்று நின்று வந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"நான் போயிட்டா நீதான் வரணும்" என்றேன்.

"வர்றதுன்னா?"

"அந்த வூட்டுக்கு. மாமாவுக்கு. என் பொண்ணுக்கு."

அக்காள் செத்தால் தங்கையைக் கட்டி வைப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிறதுதான். அவளுக்குப் புரியாமல் இல்லை. கீழே வயலைப் பார்த்துக்கொண்டு, "வல்லத்துலேர்ந்து தை பொறந்ததும் தட்டு மாத்த வர்றாங்கக்கா" என்றாள்.

"தெரியும்."

"அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ அவரு காபி குடிச்சுட்டு டம்ளரக் கீழ வெக்கல. எழுந்து வந்து என் கையில குடுத்தாரு."

அவள் வாயிலிருந்து அந்த ஆளைப் பற்றி வந்த ஒரே பேச்சு அது. எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன். "அம்மா செத்தப்போ உனக்கு நாலு வயசு. நான் விட்டுட்டுப் போனேனாடி?" என்று கேட்டேன். எந்த இடத்தில் அடித்தால் விழுவாள் என்று எனக்குத் தெரியும். அடித்தேன். அவள் கையை நீட்டினாள், என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாளே துணிப்பையோடு வந்துவிட்டாள். விடிகாலையில் நான் வகுப்புக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூன்று நாளில் ஒரு குடித்தனத்தை ஒப்படைக்க வேண்டும். ரேஷன் கார்டு எந்த டப்பாவில், அவருக்குக் குழம்பில் எவ்வளவு உப்பு, குழந்தைக்குக் காது வலித்தால் எது கொடுப்பது, எது கொடுக்கக் கூடாது. அவள் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா, தங்கச்சிக்கு வூட்டையே எழுதி வெக்கற?" என்று வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார். நான் குழந்தைக்குத் தலை வாரப் போனேன். அவரும் விட்டுவிட்டார்.

வந்த அன்று சாயங்காலம் அவள் துணி காயாததால் என் பழைய பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். நான் உள்ளே சுவர் ஓரம் படுத்திருந்தேன். கடையிலிருந்து வந்தவர், அடுப்படியில் திரும்பி நின்றவளைப் பார்த்து, "ஏ, தண்ணி குடு" என்றார். என்னைக் கூப்பிடுகிற அதே குரல். சொம்பு தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை சிரிக்கிற சத்தம். பிறகு தாளிக்கிற வாசனை. நான் செத்த பிறகு வீடு இப்படித்தான் இருக்கும் என்று படுத்தபடியே தெரிந்துகொண்டேன். எல்லாம் அதது நேரத்துக்குச் சரியாக நடந்தது. ஏதாவது ஒன்று கருகியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

ஒன்பதாம் நாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "வல்லம் வேணாம்னு வரும்போதே நைனாகிட்ட சொல்லிட்டேன். கத்தினாரு. அப்புறம் ஆள் அனுப்பிச் சொல்லிட்டாராம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒன்பது நாளில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்று மத்தியானம்தான். அவளுக்கு ஒரு வாய் அதிகம் போட்டேன். அன்று இரவு குழந்தை தானாகவே பாயைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டது. நான் கூப்பிடவில்லை.

பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்க்காமலே எழுதியிருக்கலாம். பார்த்தேன். வலது.

சாகப் போகிறவளுக்கு யோகா வகுப்பு எதற்கு என்று கேட்கலாம். கணக்கு வாத்தியார் முன்னால் பின்வாங்கிவிட்டுச் சாக எனக்கு இஷ்டமில்லை. பதினொன்றாம் நாள் ஐந்து மணிக்கு எழுந்து, வெந்நீரில் குளித்து, பைஜாமாவும் வீட்டுக்காரர் சட்டையும் போட்டு, அதன்மேல் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பெண் தங்கையின் வயிற்றின்மேல் கை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டால் விழித்துவிடுவாள் என்று தொடவில்லை. தெருவில் பனி. எதிரே வந்த பால்காரரின் சைக்கிள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

மண்டபத்தில் ஒரே ஒரு டியூப்லைட். கல்யாணத்துக்குக் கட்டின வாழைமட்டை ஒரு மூலையில் காய்ந்து கிடந்தது. தரையில் எட்டு ஜமக்காளம் வரிசையாக விரித்திருந்தார்கள். "வந்தவங்க முதல்ல படுத்துக் கண்ணை மூடுங்க" என்றார் மாஸ்டர். எட்டுப் பேரும் காலை நீட்டி, கையை விரித்துப் படுத்தோம். யாரும் இருமக்கூட இல்லை. மாஸ்டர் எங்கள் தலைமாட்டில் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருவர் தலைமாட்டிலும் வைத்திருந்த நோட்டை எடுத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

"வலது. வலது. வலது. பத்து நாளும் வலது." அது நர்ஸம்மாவின் நோட்டு. அடுத்தது, "வலது, பத்தும் வலது." அது என்னுடையது இல்லை. அதற்கடுத்ததும் வலது. எட்டுப் பேருமா? இந்த ஊருக்கே என்ன வரப்போகிறது? கண்ணைத் திறந்துவிட்டேன். கடைசி நோட்டில் மட்டும் இடது, வலது, இரண்டும் என்று மாறி மாறி இருந்தது. அது உரக்கடை வைத்திருந்தவருடையது.

"நீங்க மட்டும் நான் சொன்ன மாதிரி படுக்கல" என்று மாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். "மல்லாந்து படுத்தீங்களா?"

"ஆமாங்க. இடுப்பு வலி."

"மத்த எல்லாரும் சரியாப் பண்ணியிருக்கீங்க. இடது பக்கம் படுத்தா கீழ இருக்கிற மூக்கு அடைச்சுக்கும், மேல இருக்கிறது தெறந்துக்கும். சளி பிடிச்ச குழந்தையக் கேட்டாக்கூடச் சொல்லும். வலது மூச்சு ஓடினா உடம்புல சூடு ஏறும், வயிறு சுத்தமாகும். இந்த வகுப்புக்கு அது வேணும். அதுக்குத்தான் முதுகுக்கு அணை வெக்கச் சொன்னேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "மாஸ்டர், பத்து நாள் வலதே ஓடினா ஆளு செத்துடும்னு சொல்றாங்களே" என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. உரக்கடைக்காரர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"ராத்திரி பகல், எப்படிப் படுத்தாலும் உட்கார்ந்தாலும் மாறாம ஓடினாச் சொல்ற பேச்சும்மா அது. நீங்க பகல்ல பார்த்தீங்களா?"

"இல்ல."

"இப்பப் பாருங்க."

கட்டை விரலால் வலது நாசியை அழுத்தி மூச்சை இழுத்தேன். இடது பக்கம் மார்கழிக் குளிர் சில்லென்று உள்ளே போயிற்று. எட்டுப் பேர் எதிரில், வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதேன். நர்ஸம்மா வந்து முதுகைத் தடவினார்.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் எங்களைப் பிழிந்து எடுத்தார். குனி, காலைப் பின்னால் வீசு, படு, நெஞ்சைத் தூக்கு, மறுபடி எழு. எனக்கு ஐந்தாவது சுற்றில் கண் இருட்டியது. ஒன்பதாவதில் தொடை இரண்டும் தனியாக ஆடின. பன்னிரண்டும் முடித்தேன். வாந்தி எடுத்தது உரக்கடைக்காரர்தான்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். பனி விலகி மலை தெரிந்தது. வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டிருந்தார். தங்கை அடுப்படி வாசலில் உட்கார்ந்து, குழந்தைக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏடி, எனக்கு ஒண்ணும் இல்லடி. நான் சாவ மாட்டேன்டி" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தேன். இடது பக்கம் படுத்தது, மூக்கு அடைத்தது, எட்டுப் பேரில் ஏழு பேருக்கு ஒன்றாகவே இருந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. நான் அவளை நான்கு வயதிலிருந்து பார்க்கிறவள், எனக்குத் தெரியாமல் ஒரு முகம் அவளிடம் கிடையாது என்று நினைத்திருந்தேன். அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நொடிதான். பிறகு சிரித்தாள், "நல்லதுக்கா" என்றாள். இட்லித் துண்டு கையிலேயே இருந்தது.

"நான் இன்னிக்கே வல்லம் போறேன். அவுங்க கால்ல வுழுந்தாவது சொல்றேன்" என்றேன்.

"வேணாம்க்கா. ரோஷக்காரங்க. நைனா சொல்லி அனுப்பின அன்னிக்கே வேற எடத்துல பேசி முடிச்சிட்டாங்களாம். நேத்து ஊர்லேர்ந்து வேர்க்கடல கொண்டாந்த ஆளு சொல்லிட்டுப் போச்சு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீதான் சாவப் போறியே. உங்கிட்ட இன்னாத்தச் சொல்றது?"

குழந்தை வாயைத் திறந்து காட்டியது. அவள் ஊட்டினாள். என்னைப் பார்க்காமலே, "இந்த மூணு நாளும் சாமிகிட்ட இன்னா வேண்டிக்கறதுன்னே எனக்குத் தெரியலக்கா" என்றாள்.

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. வியர்த்த சட்டையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். என் பச்சைப் புடவையைத் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்துவிட்டுத்தான் போனாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன். இரண்டு நாள் அது என்னிடம் சாப்பிடவில்லை.

நான் யோகா வகுப்பை முழு மாதமும் முடித்தேன். உடம்பு இளைத்தது. கணக்கு வாத்தியாரிடம் நடந்ததைச் சொல்லவே இல்லை. அந்த நல்ல மனிதர் வருஷக் கடைசி வரைக்கும் என் பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கொடுத்தார்.

வல்லத்தார் வந்து பார்த்துக் கல்யாணம் நின்றுபோன பெண் என்று ஊரில் பேச்சு ஆகிவிட்டது. வந்த இரண்டு மூன்று இடமும் அதிலேயே தட்டிப்போயிற்று. ஆறு வருஷம் கழித்து மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. இரண்டாம் தாரம். முதல் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், நான்கு வயதில் ஒரு பையன். வேண்டாம் என்று அவள் சொல்லுவாள், எனக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும், அவளுக்காகச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பையனோட அம்மா நெஜமாவே செத்துட்டாங்களாக்கா?"

விசாரித்துவிட்டு வந்து, ஆமாம் என்று சொன்னேன்.